குறை சொல்ல ஆள் வேண்டும்

ஜூலை 3, புதன்

இந்த டைரி இவருடைய பழைய மாணவன் யாரோ கொடுத்தது. பாதி வருஷம் அலமாரியில் சும்மா கிடந்தது. சென்னையிலிருந்து மகள் செண்பகா போனில், "எல்லாத்தையும் மண்டைக்குள்ளயே வச்சிக்கிட்டு அலையாத, ஒரு நோட்டுல எழுதும்மா" என்றாள். எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, ஆவணி உத்திரட்டாதி. இவருக்கு அறுபது நிறைகிறது. பாளையங்கோட்டையிலேயே மண்டபம் பேசியாயிற்று. ஐயர், பந்தல், மாலை, போட்டோ எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். சாப்பாடு மட்டும் என் தலையில். இருநூறு பேர்.

குத்தாலிங்கம் சார் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க வா என்றால் இந்த ஊரில் எந்தத் தவசிப்பிள்ளையும் ஒரு நிமிஷம் யோசிப்பான். எங்கள் பக்கம் சமையல்காரரை அப்படித்தான் சொல்வது. இவருடைய மூக்கு அப்பேர்ப்பட்ட மூக்கு. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்திய மூக்கு. இலையில் நெய் விழுந்ததுமே, "இது போன மாசம் உருக்கினது" என்பார். சாம்பார் வாளி இரண்டு இலை தள்ளி வரும்போதே, "பெருங்காயம் கருகிட்டு" என்பார். அந்தப் பந்தி முழுக்க வாயை மூடிக்கொண்டு இவரைப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான் இலைக்குள் புகுந்துகொள்ளலாமா என்று பார்ப்பேன்.

அதெல்லாம் மே மாதத்தோடு முடிந்தது. மாப்பிள்ளை வந்திருந்தபோது அவர் முன்னாலேயே, "அவியல்ல ஊத்தின தேங்கா எண்ணெய் பழசு" என்று ஆரம்பித்தார். முப்பத்து மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு அன்று பொறுக்கவில்லை. இனிமேல் என் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஸ்கூட்டரில் போனவர் வண்ணார்பேட்டையில் நாய் குறுக்கே வந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அடுத்த நாளே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் அன்றையிலிருந்து போட்டதைச் சாப்பிடுகிறார். "நல்லா இருக்கு" என்கிறார். எழுந்து போகிறார்.

நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

காலையில் அடுக்களைக்குள் போனால் பெருங்காய டப்பா மூடி சரியாக மூடவில்லை. காப்பித்தூள் டப்பாவும் அப்படியே. நேற்றும் இப்படித்தான். வாயால் சொல்லக் கூடாதென்றதும் ஐயா இப்போது திருட்டுத்தனமாகச் சோதனை போடுகிறார் போல. போடட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரசத்தில் உப்பே போடவில்லை. வேண்டுமென்றேதான். பார்ப்போம், எத்தனை நாளைக்கு இந்த வீம்பு என்று.

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நான் பாத்திரம் துடைக்கிற மாதிரி நின்றேன். மனுஷர் எழுந்து வந்தார், உப்பு ஜாடியைத் திறந்தார், ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டார், திரும்பப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"ரசம் எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்கு."

கோபம் கோபமாக வந்தது. உப்பில்லை என்று தெரிகிறது, எழுந்து வந்து போட்டுக்கொள்ளவும் தெரிகிறது, ஒரு வார்த்தை சொல்ல மட்டும் வாய் வரவில்லையா? அந்த ரசத்தை என்னால்தான் குடிக்க முடியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

செண்பகா ஏற்பாடு செய்த கேட்டரிங் கம்பெனியில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தோம். ஏசி அறை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் கையில் பலகை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு தடவித் தடவிக் காட்டினான். வரவேற்பு பானம் ஆறு வகை. நின்றுகொண்டே தோசை. பன்னீரில் பதினாலு. சொதி உண்டா என்று கேட்டேன். "அது என்ன ஐட்டம் மேடம்?" என்றான். திருநெல்வேலியில் கடை போட்டு வைத்துக்கொண்டு சொதி என்ன என்று கேட்கிறான்!

இவருக்கு ஒவ்வொன்றாக வைத்தார்கள். பன்னீரில் ஏதோ சிவப்பாக ஒன்று, முந்தாநாள் குழம்பைச் சுட வைத்த வாடை அடித்தது. எனக்கே அடித்தது. "நல்லா இருக்கு" என்றார் இவர். "சார் ரொம்ப ஸ்வீட்" என்றான் அந்தப் பையன்.

ஸ்வீட்டாம்! முப்பத்து மூன்று வருஷம் என் கூட இருந்து பார் தம்பி.

இவருடைய அக்கா, என் மதினி, சாயங்காலம் போன் போட்டாள். "தம்பி இப்பல்லாம் சாப்பாட்டுல ஒண்ணுமே சொல்லுறதில்லையாமே? அறுபது வந்தா பக்குவமும் வந்துரும் பாத்துக்கோ. சாமியார் மாதிரி ஆயிட்டான்" என்று சந்தோஷப்பட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்தக் கம்பெனி வேண்டாம் என்று செண்பகாவிடம் சொல்லிவிட்டேன். இவர் போன வருஷமே சொல்லியிருக்கிறார், "என் அறுபதுக்கு இலையில சொதி விழணும்ளா. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." பாசிப்பருப்பும் காய்களும் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. எங்களில் கல்யாணத்துக்கு அடுத்து வரும் மறுவீட்டுச் சாப்பாட்டில் அதுதான் ராஜா. மணிவிழாவுக்கு யாராவது மறுவீட்டுச் சொதி போடுவார்களா என்று மதினி கேட்பாள். கேட்கட்டும்.

ஜூலை 18, வியாழன்

பால் பொங்கி அடிப்பிடித்துவிட்டது. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே வரைக்கும் வாடை. ஓடி வந்து பார்த்தால் இவர் அடுக்களைக்குப் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாத்திரம் கரிக்கட்டை.

"கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கவனிக்கல."

அடிப்பிடித்த வாடைக்கு அந்தக் காலத்தில் தெருவையே கூட்டிவிடுவார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? மிச்சப் பாலில் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ராத்திரிச் சமையலுக்குக் கத்தரிக்காய் நறுக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. இவர் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே சைக்கிள் மணி அடிக்கும். பிறகு கேட்டுச் சத்தம். கேட்டில் கையை வைத்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்துவார்: "ஏளா, கத்தரிக்காயா?" நான் உள்ளேயிருந்து, "ஆமா" என்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை. வெண்டைக்காய் என்றால் வெண்டைக்காய்தான். செண்பகா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவை ஏமாற்ற வாசலில் சாம்பிராணி போட்டு வைத்தாள். "சாம்பிராணிக்குப் பின்னால மொச்சைக் குழம்பு" என்றார் இவர். பிள்ளை கைதட்டிக் குதித்தது. சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்த பிறகும், வேலையை விட்ட பிறகும், கடைக்குப் போய்த் திரும்பினால்கூட அந்தக் கேள்வி உண்டு.

அதுவும் மே மாதத்திலிருந்து கிடையாது. இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆறுமுகநயினார் வந்தான். இவரிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன். இப்போது டவுனில் நாலு பேர் மெச்சுகிற தவசிப்பிள்ளை. தலையில் நரை. ஆனால் இவர் முன்னால் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டான். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான்.

வரும்போதே சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்து கொண்டு வந்திருந்தான். நான்தான் பரிமாறினேன். சொதி உண்மையாகவே நன்றாக இருந்தது. இஞ்சி மட்டும் கொஞ்சம் முத்தல். இவர் நிதானமாகச் சாப்பிட்டு, "நல்லா இருக்குடே" என்றார். அவன் காத்திருந்தான். இவர் கை கழுவப் போய்விட்டார்.

நயினார் அடுக்களைக்குள் வந்துவிட்டான். முகமே சரியில்லை.

"அம்மா, சாருக்கு என் மேல ஏதும் வருத்தமா?"

"ஏன் அப்படிக் கேக்க?"

"என் தங்கச்சி கல்யாணத்துல எல்லாருக்கும் முன்னால, 'நயினாரு, பாசிப்பருப்ப வறுக்காம போட்டுருக்கடே'ன்னு சத்தம் போட்டாங்க. அன்னைக்குத்தான் எனக்குத் தொழில் படிஞ்சது. அப்புறம் எங்க பந்திக்கு வந்தாலும் ரெண்டு குத்தம் சொல்லிட்டுத்தான் போவாங்க. இன்னைக்கு நல்லா இருக்குங்காங்க. யாரோ மூணாம் மனுஷன்கிட்டச் சொல்லுத மாதிரி."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான சொல்லணும்?"

"இல்லம்மா. சார் வாயால ஒரு குறையாவது வரட்டும். அப்புறம் நான் தேதிய எழுதிக்கிடுதேன். குறை வராம அவுக மணிவிழாவுக்குக் கரண்டியத் தூக்க எனக்குத் தைரியம் இல்ல."

பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இப்படி ஒரு தவசிப்பிள்ளையை எங்கே போய்ச் சொல்ல? எல்லாம் நான் மே மாதம் வாயை விட்டதன் பலன். இவரிடம் போய், "என்னை மன்னிச்சிருங்க, பழையபடி குறை சொல்லுங்க" என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்கலாமா என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை. வந்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

நயினார் இல்லையென்றால் வேறு ஆள் வேண்டுமே. அம்பாசமுத்திரத்தில் ஒருவர் நன்றாகச் செய்வார் என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சொதி மட்டும் செய்து தூக்குச்சட்டியில் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.

ஜூலை 26, வெள்ளி

எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜாக்கெட் வாங்கத் தையல்காரரிடம் போனேன். அங்கே ஒரு மணி நேரம். பஸ்ஸில் வந்த சொதியை இவர்தான் வாங்கி வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே வாடை வந்தது. புளித்த தேங்காய்ப்பால் வாடை. வெயிலில் பஸ் கூரையில் வந்ததோ என்னவோ, பாவம் அந்த மனுஷரைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாசல் வரைக்கும் வந்தது.

உள்ளே இவர் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டி பாதி காலி. இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, என்ன சாப்பிடுதிய?"

"அம்பாசமுத்திரத்துச் சொதி. நல்லா இருக்கு. எலுமிச்சம்பழம் தாராளமாப் பிழிஞ்சிருக்கான்."

எலுமிச்சம்பழம்!

வீம்புக்கு உப்பில்லாத ரசம் குடிக்கலாம். வீம்புக்கு அடிப்பிடித்த காப்பி குடிக்கலாம். ஊசிப்போன தேங்காய்ப்பாலை எந்த வீம்பும் இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளாது. அதுவும் இந்த மனுஷர். தேங்காய் உடைக்கும்போதே எட்டி நின்று, "அழுகல்" என்கிற மனுஷர்.

அடுக்களைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்தேன். "கண்ண மூடுங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். திறந்து மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"என்னது இது?"

இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தேன். என் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு அடிக்கிறது.

"சொல்லுங்க, என்னது?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீயே சொல்லிருளா."

ஜூலை 27, சனி

இவருக்கு வயிற்றுப்போக்கு. மோரும் கஞ்சியும் கொடுத்தேன். மத்தியானம் கொஞ்சம் தெளிந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். மே மாதத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் பேசியது இன்றுதான்.

விழுந்து வீட்டுக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி வாடை போய்விட்டது என்று முதலில் நினைத்தாராம். காப்பி குடித்தால் சுடுதண்ணீரில் கசப்பு. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் எரிகிறது. ஆனால் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் ஒன்றுதான். "எல்லாம் நனைஞ்ச துணியச் சவைக்க மாதிரி இருக்குளா" என்றார். ஜூன் மாதம் எனக்குத் தெரியாமல் காது மூக்கு டாக்டரைப் பார்த்திருக்கிறார். அடிபட்டதில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கும், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றிருக்கிறார் டாக்டர். தினமும் காலையில் நான் எழுந்திருக்கும் முன்னால் பெருங்காயம், காப்பித்தூள், கிராம்பு, சூடம் நாலையும் முகர்ந்து பார்ப்பாராம். வாத்தியார் இல்லையா, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். காட்டினார். அறுபத்தெட்டு நாள். எல்லா நாளுக்கும் நேரே, "இல்லை".

டப்பா மூடி திறந்திருந்தது அதற்குத்தான். நான் என்னவெல்லாம் நினைத்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன வேத்தாளா?"

அந்தத் தாளை நாலாக மடித்தார். பிறகு, "நீ அன்னைக்குச் சொன்னியே" என்றார்.

இந்த டைரியில் அன்று நான் சொன்னதைச் சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளை முன்னால் கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு நான் சொன்னது இதுதான்: "உங்க மூக்கும் நாக்கும் செத்துப் போனாத்தான் எனக்கு விடிவு." சொன்னது சனிக்கிழமை. இவர் விழுந்தது ஞாயிற்றுக்கிழமை.

"சொன்னா நீ என்ன நினைப்பன்னு எனக்குத் தெரியாதா? உன் வாக்குப் பலிச்சிட்டுன்னு உக்காந்து அழுவ. நாய் குறுக்க வந்ததுக்கு நீ என்ன செய்வ? அதான் பேசாம இருந்தேன். கொஞ்ச நாள்ல வந்துரும்னு பார்த்தேன். நீ நான் கோவத்துல இருக்கேன்னு நினைச்ச. சரி, அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஐயோ. இரண்டு மாதத்துக்கு மேல் இந்த மனுஷர் நனைந்த துணியைத் தின்றுகொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் உப்பில்லாத ரசத்தை வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அழுதேன். அவர் சொன்னபடியேதான் அழுதேன். "இந்தா, இதுக்குத்தான் சொல்லல" என்று திட்டினார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். செண்பகாவிடம்கூட. "கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு மூக்கு போச்சுன்னு ஊரு சிரிக்கும்." யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனாலும் சத்தியம் செய்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

நானும் கூடப் போய் டாக்டரைப் பார்த்தோம். அதே பதில்தான். ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் சமையல் எரிவாயு கசிகிறதா என்று இனி நான்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எனக்குத் தனியாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்று பட்டியல் போட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து.

"உங்க இலையில என்ன விழுந்தா உங்களுக்குத் தெரியும்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றேன். யோசித்து யோசித்துச் சொன்னார். வடை, மொறுமொறுப்பாக. அப்பளம், நொறுங்குகிற சத்தம் தெரியும். உருளைக்கிழங்கு வறுவல், சீவல் மெல்லிசாக. இஞ்சிப் பச்சடி, அது எரியும், புளிக்கும், இனிக்கும், மூன்றும் தெரியும். தயிரில் நெல்லிக்காய், பல் கூசும். பாயசத்துக்குப் பதில் சூடாக அல்வா, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். இருநூறு பேருக்கான பட்டியலாகவும் அது சரியாகவே வந்துவிட்டது.

"சொதி வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"எனக்கு எதுக்குளா? அது வாசனைக்குத்தான் சொதி. வாசனை இல்லேன்னா பருப்புத் தண்ணி."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "நம்ம மறுவீட்டுல என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

இருக்காமலா? புது மாப்பிள்ளை, பட்டு வேஷ்டி, எங்கள் அப்பா பக்கத்தில் நின்று விசிறுகிறார். இவர் ஒரு வாய் சொதி சாப்பிட்டுவிட்டு, "தலைப்பாலை ஊத்தின பிறகும் கொதிக்க விட்டுட்டாங்க, அதான் திரிஞ்ச வாடை" என்றார். பந்தியே நின்றுவிட்டது. எங்கள் அம்மா உள்ளே அழுகிறாள். இப்படி ஒருவனுக்கா என்னைக் கொடுத்தார்கள் என்று நானும் கதவுக்குப் பின்னால் நின்று நினைத்தேன். ஆனால் இவர் அதோடு விடவில்லை. சாப்பிட்டு எழுந்து நேரே அடுப்பு எரிகிற ஆக்குப்புரைக்குப் போய், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தவசிப்பிள்ளையை உட்கார வைத்து, தேங்காய்ப்பாலைக் கொதிக்க விட்டால் ஏன் திரிகிறது என்று பாடம் நடத்திவிட்டார். ஒரு மணி நேரம். கரித்துண்டால் சுவரில் படம் போட்டு! கடைசியில் அந்தத் தவசிப்பிள்ளையே சிரித்துவிட்டார். எங்கள் அப்பா, "மாப்பிள்ளை ஒரு மாதிரி. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டாரு" என்றார்.

சொல்லச் சொல்ல இவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த வாசனை ஞாபகம் இருக்குளா. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைச்சது மேல நிக்கும். வறுத்த பாசிப்பருப்பு அடியில கிடக்கும். முருங்கைக்காய் நடுவுல." அவர் சொல்லச் சொல்ல எனக்கு வாயில் நீர் ஊறியது.

பட்டியலில் முதல் வரியில் சொதி என்று எழுதிவிட்டேன். பார்த்தார், அடுத்த வரிக்குப் போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 7, புதன்

நயினாரைத் திரும்ப வரச் சொன்னேன். அவன் வரும் முன்னால் இவரிடம், "நான் ரகசியமாச் சொல்லுதேன், நீங்க சத்தமா ஒரு குறை சொல்லிருங்க. அவன் தேதி எழுதிக்கிடுவான்" என்றேன்.

"மாட்டேன். எனக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ல மாட்டேன். பாக்காத பரிசோதனைக்கு முடிவு எழுதுனவனை எல்லாம் பெஞ்சு மேல ஏத்தினவன் நான்."

அது சரிதான். இவருடைய அந்தக் கொள்கையைக் குறை சொல்ல முடியாது.

நயினார் மறுபடியும் சொதி செய்து கொண்டுவந்து கையைக் கட்டி நின்றான். இவர் சாப்பிட்டார். "நல்லா இருக்குடே" என்றார். அவன் முகம் விழுந்தது. எனக்கு எப்படித்தான் வந்ததோ, வாய் திறந்துவிட்டேன்: "நயினாரு, போன தடவையும் இஞ்சி முத்தல், இந்தத் தடவையும் முத்தல். நார் வாசனை அடிக்கு. பருப்பை ஒரு பிடி குறைச்சாத்தான் பால் மணக்கும். எலுமிச்சம்பழத்த அடுப்புல இருக்கும்போதே பிழிஞ்சிருக்க, இறக்கி ஆறினப்புறம் பிழியணும்."

நயினார் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இவரும்தான்.

"எம்மா, சார் மூக்கே உங்களுக்கு ஒட்டிக்கிட்டா?" என்றான் நயினார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஆகஸ்ட் 22 என்று எழுதிக்கொண்டான். "சார் வீட்டுல இருந்து குறை வந்துட்டு. அது போதும்."

முப்பத்து மூன்று வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அத்தனையும் உள்ளே போய்த் தங்கியிருக்கிறது.

அவன் போன பிறகு இவர் சொன்னார்: "லெமன் விஷயம் சரி. பருப்பு விஷயத்துல எனக்குச் சந்தேகம் இருக்கு."

மே மாதத்துக்குப் பிறகு இவர் சொன்ன முதல் குறை. என் மேல்.

ஆகஸ்ட் 17, சனி

செண்பகா வந்துவிட்டாள். "அப்பா ஏம்மா ஒரு மாதிரி அமைதியா இருக்காரு? உங்களுக்குள்ள ஏதும் சண்டையா?" என்கிறாள். சத்தியம் செய்திருக்கிறேனே. "வயசாகுதுல்லா" என்றேன். நம்பவில்லை. போனை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 21, புதன்

வாழை இலைக் கட்டு வந்தாயிற்று. காய் வந்தாயிற்று. இஞ்சியை நானே முறித்துப் பார்த்து எடுத்தேன், இளசு. நாளைக்குப் பந்தியில் எல்லோரும் இவர் வாயைத்தான் பார்ப்பார்கள். அதுதான் பயம். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். யாருக்கும் புரியாது. எனக்கு மட்டும் புரியும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாலை மாற்றினோம், தாலி கட்டினார், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அதெல்லாம் போட்டோவில் இருக்கிறது. நான் எழுத வேண்டியது பந்தி.

முதல் பந்தியில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். பெரிய தலைவாழை இலை. எதிரில் மதினி, செண்பகா, மாப்பிள்ளை. வரிசை முழுக்கப் பழைய வாத்தியார்கள், பழைய மாணவர்கள். எல்லோருக்கும் இவரைத் தெரியும். சொதி வாளியோடு நயினாரே வந்தான். ஊற்றிவிட்டு வாளியைக் கீழே வைத்து, கையைக் கட்டி, ஓர் அடி தள்ளி நின்றான். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது.

இவர் பிசைந்தார். கை இலையிலேயே நின்றது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

குனிந்த தலையோடு, யாருக்கும் கேட்காமல், என் பக்கம் சாய்ந்தார். "எப்படி இருக்குளா?" என்றார்.

இவர் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மாலையைச் சரிசெய்கிற மாதிரி நானும் சாய்ந்து அவர் காதில் சொன்னேன். "இஞ்சி இளசு, மேல நிக்கு. பருப்பு வறுத்தது, நெய்யில வறுத்த மாதிரி ஒரு வாசம், அடியில கிடக்கு. தலைப்பாலைக் கடைசியில ஊத்தி உடனே இறக்கியிருக்கான், தேங்கா அப்பதான் உடைச்ச மாதிரி இருக்கு. முருங்கைக்காய் நடுவுல வருது. எலுமிச்சை ஆறினப்புறம்தான்." நான் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். கண் மூடியிருந்தது.

"குறை?"

நான் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாதே இவருக்கு. "கருவேப்பிலை ஒரு கொத்து கூட" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தலையைத் தூக்கினார். பழைய குரல், வகுப்பறைக் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல்.

"நயினாரு! கருவேப்பிலை ஒரு கொத்து கூடிப்போச்சுடே!"

நயினார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டான். "சரி சார்! கூடிப்போச்சு சார்!" என்று கத்தினான். அவன் கண்ணெல்லாம் நீர். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு. மதினி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆரம்பிச்சிட்டான்யா!" என்றார் யாரோ பழைய வாத்தியார். செண்பகா சிரித்துக்கொண்டே அழுகிறாள், எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

இவர் இலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ பாத்துச் சொன்னா அது பொய்யில்லளா."

ஆகஸ்ட் 26, திங்கள்

எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இவருடைய தாளில் இன்றைக்கும், "இல்லை".

மத்தியானம் கடைக்குப் போயிருந்தார். கேட்டில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டது. நான் கரண்டியோடு அடுக்களையிலிருந்தே கத்தினேன்: "கத்தரிக்கா!"

அப்புறம் கேட் கிறீச்சிட்டது.

"தெரு முக்குலயே மணக்குளா" என்றார்.